லேஓவர்ல ஐரோப்பா சுத்துறது: க்ரூ வேலைக்கு வந்த சென்னைப் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் நங்கநல்லூர் பொண்ணு. மொட்டைமாடில துணி காயப்போட போனா மீனம்பாக்கத்து ஃப்ளைட் எல்லாம் தாழ்வா போறது தெரியும், அதைப் பாத்தே வளந்து இப்போ ஒம்பது வருஷமா கேபின் க்ரூவா இருக்கேன், அதுல பாதிக்கு மேல லாங் ஹால், அதாவது தூர ஃப்ளைட்தான். வருஷா வருஷம் நம்ம ஊர்லேந்து புதுசா சேர்ற பசங்களும் பொண்ணுங்களும் ஒரே மாதிரி கேள்விதான் கேக்குறாங்க, நானும் க்ரூ பஸ்ல உக்காந்து வாய்ஸ் நோட்டா அனுப்பிட்டே இருக்கேன். அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். லேஓவர்னா ஒரு ஃப்ளைட்ல போய் இறங்கிட்டு அடுத்த ஃப்ளைட் வரைக்கும் அந்த ஊர்ல தங்குறது, அதுல ஐரோப்பா லேஓவர் மட்டும்தான் இதுல இருக்கு.

ரோஸ்டர்ல (டூட்டி அட்டவணைல) 24 மணி நேரம்னு போட்டிருக்கு, நிஜமா எவ்ளோ நேரம் கைல கெடைக்கும்?

ஆறு மணி நேரம். அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஃப்ளைட்லேந்து இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி, க்ரூ பஸ் வந்து, ஹோட்டல்ல சாவி வாங்கி ரூமுக்குள்ள போக எப்டியும் ஒன்றரை மணி நேரம் ஆயிடும். அப்புறம் ஒரு குட்டித் தூக்கம், குளியல். ராத்திரி முழுத் தூக்கம் ஒரு எட்டு மணி நேரம், மறுநாள் வேக்அப் கால், ஏர்போர்ட்டுக்கு கூட்டிட்டுப் போற க்ரூ பஸ் பிக்கப்புக்கு முன்னாடி முடி போட, மேக்கப் போட, பெட்டி கட்ட ஒரு மணி நேரம். இதெல்லாம் கழிச்சா மதியம் ஒரு மணிலேந்து சாயங்காலம் ஏழு மணி வரைக்கும்தான் உங்க நேரம். இந்த ஆறு மணி நேரத்துல ஒரு எடம், அதைச் சுத்தி நடக்குற தூரத்துல என்ன இருக்கோ அது, அவ்ளோதான் பாக்க முடியும். ஏழெட்டு எடம் லிஸ்ட் போட்டுட்டு ஓடுறவங்கள நெறைய பாத்துட்டேன், திரும்பி வரும்போது அவங்க ஃபோன்ல ஃபோட்டோ இருக்கும், ஆனா என்ன சாப்ட்டோம் எங்க உக்காந்தோம்னு கேட்டா பதில் இருக்காது.

இறங்கின உடனே வெளிய கெளம்பிடலாமா, இல்ல தூங்கணுமா?

தூங்கணும். இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கெளம்புற ஃப்ளைட்ல பத்து மணி நேரம் நின்னு சர்வீஸ் பண்ணிட்டு காலைல அங்க இறங்குறீங்க, ஒடம்பு ஒரு ராத்திரிய முழுசா தொலச்சிருக்கு. அந்த நெலமைல நேரா ரோட்டுக்குப் போனா ட்ராம் வர்றதே கண்ணுக்கு தெரியாது. ரெண்டு, அதிகபட்சம் மூணு மணி நேரம் தூங்குங்க, ரெண்டு அலாரம் வெச்சுக்கோங்க, ஒண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல, இன்னொண்ணு பாத்ரூம் வாசல்ல. மூணு மணி நேரத்துக்கு மேல போனீங்கன்னா ராத்திரி தூக்கம் வராது, அப்புறம் மறுநாள் ஃப்ளைட்ல கஷ்டப்படுவீங்க.

டைம் கணக்கு மனசுல இருக்கட்டும். மார்ச் கடைசி ஞாயிறுலேந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ், வியன்னா எல்லாம் நம்மள விட மூன்றரை மணி நேரம் பின்னாடி, மத்த மாசம் நாலரை. லண்டன் இன்னும் ஒரு மணி நேரம் கூட பின்னாடி. அதனால அங்க ராத்திரி ஒம்பது மணின்னா உங்க ஒடம்புக்கு நடுராத்திரி தாண்டியாச்சு, அப்போ வர்ற தூக்கத்த விரட்டாம அப்டியே படுத்துடுங்க. நம்மள ஃப்ளைட்ல வெச்சிருக்கறது காபி ஊத்தறதுக்கு இல்ல, ஏதாவது ஆச்சுன்னா பாதி கதவுதான் தெறக்குதுன்னாலும் 90 செகண்ட்ல எல்லாரையும் எறக்கணும்னு ட்ரெய்னிங்ல படிச்சோமே, அதுக்கு. தூங்காத க்ரூவால அது முடியாது.

எனக்கு ஷெங்கன் விசா இல்ல, ஜென் டெக்லதான் இறங்குறேன், எங்க வேணும்னாலும் போலாமா?

போக முடியாது, இத நெறைய பேர் தெரியாமலே மீறிடுறாங்க. ஷெங்கன்னா ஒரே விசால போய் வர்ற ஐரோப்பிய நாடுங்க, ஜென் டெக்னா (ஜெனரல் டிக்ளரேஷன்) அந்த ஃப்ளைட் க்ரூ பேரெல்லாம் இருக்கற பேப்பர். லைசென்ஸ் இல்லன்னா க்ரூ மெம்பர் சர்டிஃபிகேட் வெச்சு வேலை விஷயமா வர்றவங்களுக்கு ஷெங்கன் எல்லைச் சட்டம் தர்ற சலுகை அந்த ஏர்போர்ட் இருக்கற ஊர் எல்லைக்கு உள்ளதான். அந்த ஊர தாண்டினாலே சாதாரண பயணிக்கு என்ன ரூலோ அதே ரூல் உங்களுக்கும். வியன்னாலேந்து ரயில்ல ஒரு மணி நேரத்துல ப்ராட்டிஸ்லாவா போய்டலாம், நடுவுல யாரும் நிறுத்திக் கேக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. கேட்டா? நீங்க இன்னொரு நாட்டுல, கைல விசா இல்லாம, மறுநாள் ஃப்ளைட்டுக்கு ஆள் இல்லாம. ஒவ்வொரு நாடும் க்ரூவுக்கு வெச்சிருக்கற நடைமுறை கொஞ்சம் கொஞ்சம் மாறும், அதனால அந்த ஏர்போர்ட்ல இருக்கற நம்ம கம்பெனி ஆளுங்க கிட்ட கேட்டுக்கோங்க. கம்பெனி மல்டிபிள் என்ட்ரி விசா எடுத்துக் குடுத்திருந்தா நிம்மதியா பக்கத்து ஊருக்குப் போலாம், அப்பவும் லீடுக்கு, அதாவது அந்த ஃப்ளைட்ல க்ரூவுக்கு மேல இருக்கற சீனியருக்கு, ஒரு மெசேஜ் போட்டுட்டு போங்க.

ஃப்ராங்க்ஃபர்ட்ல பாக்க ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்களே?

சொல்றவங்க பேங்க் கட்டடத்தையும் ரயில்வே ஸ்டேஷன் பின்பக்கத்தையும் மட்டும் பாத்துட்டு வந்தவங்க. எனக்கு ஐரோப்பாலயே ரொம்ப நெருக்கமான ஊர் இதுதான்.

ஏர்போர்ட்டுக்கு கீழயே ஸ்டேஷன், எஸ்8, எஸ்9 ரெண்டுல எது வந்தாலும் ஏறலாம், கால் மணி நேரத்துல மெயின் ஸ்டேஷன். திரிசூலத்துல நம்ம லோக்கல் ட்ரெயின் நிக்குமே, அது மாதிரி ஏர்போர்ட் வாசல்லயே ரயில். நாலஞ்சு பேரா போறீங்கன்னா க்ரூப் டே டிக்கெட்னு மெஷின்ல ஒண்ணு இருக்கு, அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட், நாள் பூரா சுத்தலாம், தனித்தனியா வாங்குறத விட ரொம்ப மலிவு. டிக்கெட் இல்லாம மட்டும் ஏறாதீங்க, கேட் எதுவும் இருக்காது, யாரும் கேக்க மாட்டாங்கன்னு தோணும், மாட்டினா 60 யூரோ ஃபைன்.

நேரா ரோமர்பெர்க் போங்க. மரச்சட்டம் போட்ட அழகான பழைய வீடுங்க வரிசையா நிக்கும், பாத்தா ஐநூறு வருஷமா அப்டியே இருக்கற மாதிரி இருக்கும். ஆனா 1944 மார்ச்ல குண்டு போட்டு இந்தப் பழைய ஊர் மொத்தமும் எரிஞ்சு போச்சு, இப்போ நீங்க பாக்குற அந்தக் கெழக்கு வரிசை வீடுங்க 1980கள்ல பழைய மாதிரியே திரும்பக் கட்டினது, அதுக்குப் பின்னாடி சர்ச்சு பக்கம் இருக்கற தெருவெல்லாம் 2018லதான் முடிச்சாங்க. இது தெரிஞ்சப்புறம் எனக்கு அந்த எடம் இன்னும் புடிச்சுப் போச்சு. எரிஞ்சு போன வீட்ட அதே எடத்துல அதே ஜாடைல திரும்பக் கட்டணும்னு ஒரு ஊரே நெனச்சிருக்கு பாருங்க.

அங்கேந்து அஞ்சு நிமிஷ நடைல க்ளைன்மார்க்ட்ஹால்லன்னு ஒரு மூடின மார்க்கெட். கோயம்பேடு சைஸ் எல்லாம் இல்ல, ஒரு பெரிய ஹால், காய், பழம், சீஸ், ரொட்டி, பூ எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. அங்க ஏழு வகை கீரை, மூலிகைய ஒரு பேப்பர்ல சுருட்டி ஒரு கட்டா விப்பாங்க, அதுதான் இந்த ஊரோட பச்சை சாஸுக்கு. தயிர் மாதிரி புளிச்ச க்ரீம்ல பச்சையா அரைச்சுப் போட்டு அவிச்ச உருளைக்கிழங்கு, முட்டையோட ஆறினபடியே குடுப்பாங்க. மொத வாய் வெச்சப்போ எனக்கு எங்க பாட்டி தயிர்ல கலந்து தர்ற கொத்தமல்லித் துவையல் ஞாபகம் வந்துது. கறி சாப்பிடாதவங்களுக்கு அந்த ஊர்ல இதவிட நல்ல சாப்பாடு இல்ல.

சாயங்காலம் மைன் ஆத்து மேல இருக்கற இரும்பு நடைபாலத்துக்குப் போங்க, 1868-69ல கட்டினது, வண்டி கிடையாது, நடக்கறவங்க மட்டும்தான். நடுப்பாலத்துல நின்னா ஒரு பக்கம் பழைய சர்ச்சு கோபுரம், இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்க. அக்கரைல மரத்தடி பெஞ்சு நெறைய இருக்கு, ஒரு மணி நேரம் சும்மா உக்காருங்க.

லண்டன்ல ஹோட்டல் ஹீத்ரோ பக்கத்துலயே போட்டுட்டாங்க, சிட்டிக்கு போய்ட்டு வர்றது வொர்த்தா?

நாலு மணி நேரம் முழுசா இருந்தா வொர்த். எலிசபெத் லைன் 2022ல வந்ததுலேந்து இது ரொம்ப ஈசி ஆயிடுச்சு, சிட்டி நடுவுக்கு அரை மணி நேரம் சொச்சம்தான். பிக்காடில்லி லைன் மலிவு, ஆனா ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். கார்டையோ ஃபோனையோ கேட்ல தட்டினா போதும், ஒரு நாளைக்கு இவ்ளோக்கு மேல எடுக்காதுன்னு ஒரு வரம்பு இருக்கு, ஆனா காலைல கார்டு, சாயங்காலம் ஃபோன்னு மாத்தி மாத்தி தட்டினா ரெண்டையும் தனித்தனி ஆளா கணக்கு போடும், ஒண்ணையே வெச்சுக்கோங்க.

ஒரே ஒரு எடம் போகணும்னா நான் சொல்றது ப்ரிட்டிஷ் மியூசியம். உள்ள போக காசு கிடையாது. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க, வெள்ளிக்கெழமை மட்டும் ராத்திரி எட்டரை வரைக்கும், அதனால வெள்ளிக்கெழமை லண்டன் வந்தா விடாதீங்க. எல்லாரும் எகிப்து மம்மி பக்கம் கூட்டமா போவாங்க, நீங்க 33ஆம் நம்பர் அறைக்குப் போங்க, அதோட கடைசில கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி அமராவதி சிற்பங்க இருக்கு. கிருஷ்ணா நதிக்கரைல இருந்த பௌத்த ஸ்தூபியோட கல்லுங்க அது. 1845ல வால்ட்டர் எலியட்ங்கிற மெட்ராஸ் அதிகாரி தோண்டி எடுத்து நம்ம ஊருக்கு அனுப்பி, இங்க பல வருஷம் கெடந்து, 1859ல லண்டனுக்கு கப்பல் ஏறிச்சு. அதே ஸ்தூபியோட இன்னும் நெறைய கல்லுங்க எங்க இருக்கு தெரியுமா, நம்ம எழும்பூர் மியூசியத்துல. ஸ்கூல்ல டூர் கூட்டிட்டு போனப்போ அத தாண்டி டைனோசர் பாக்க ஓடினோமே, அதேதான். லண்டன்ல அந்தக் கல்லுங்க முன்னாடி நின்னப்போ எனக்கு தொண்டைய அடச்சுது. அடுத்த லீவுல அம்மாவ கூட்டிட்டு எழும்பூர் போய் அங்க இருக்கற கல்லுங்கள நின்னு நிதானமா பாத்துட்டு வந்தேன். நீங்க மொதல்ல எழும்பூர பாத்துட்டு லண்டன் போங்க, அப்போதான் இன்னும் நல்லா இருக்கும்.

சிட்டி வரைக்கும் போக தெம்பு இல்லன்னா அதே எலிசபெத் லைன்ல பாதி வழில வெஸ்ட் ஈலிங்ல எறங்குங்க, பழைய சர்ச்சு கட்டடத்துல கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கு. இலங்கைத் தமிழருங்க கட்டிக் காப்பாத்துற கோயில். உள்ள போய் கண்ண மூடினா விபூதி வாசனையும் மணிச் சத்தமுமா நங்கநல்லூர்லயே நிக்குற மாதிரி இருக்கும்.

டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்குள்ள சூரியன் போய்டும், ஜூன்ல ராத்திரி ஒம்பது தாண்டியும் வெளிச்சம். அத வெச்சு ப்ளான் பண்ணுங்க.

பாரிஸ்னா ஈஃபில் டவர் மேல ஏறியே ஆகணுமா?

வேணாம். க்யூல நிக்கவே உங்க ஆறு மணி நேரம் போய்டும். இருட்டினப்புறம் ஒவ்வொரு மணிக்கும் சரியா அஞ்சு நிமிஷம் டவர் முழுக்க மினுமினுக்கும், அத ஆத்துக்கு அந்தப் பக்கம் ட்ரோக்கடேரோ படில நின்னு பாத்தா போதும், காசும் இல்ல. லூவ்ர் செவ்வாக்கெழமை லீவு, ஓர்சே மியூசியம் திங்கக்கெழமை லீவு, இத பாக்காம போய் கதவ பாத்துட்டு வந்தவங்க எங்க பேட்ச்லயே நாலு பேர். நோத்ர தாம் சர்ச்சு 2019ல தீப்புடிச்சு 2024 டிசம்பர்ல திரும்ப தெறந்துட்டாங்க, உள்ள போக காசு இல்ல, கல்லெல்லாம் கழுவி விட்ட மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு.

ஆனா நம்மாளுங்களுக்கு பாரிஸ்ல முக்கியமான எடம் லா ஷப்பேல். ஏர்போர்ட்லேந்து ஆர்இஆர் பி ரயில்ல கார் து நோர் ஸ்டேஷன்ல எறங்கி பத்து நிமிஷம் நடந்தா கடை போர்டெல்லாம் தமிழ்ல இருக்கும். முருங்கைக்கா, கறிவேப்பிலை, நல்லெண்ணெய், தாலிக்கொடி டிசைன் போட்ட நகைக்கடை, எல்லாம். ஈழத்துலேந்து போரால வெளிய வந்தவங்க உண்டாக்கின தெரு அது. அங்க ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைல இடியப்பமும் சொதியும் கேட்டேன், அங்க இருந்த அம்மா என் முகத்த பாத்துட்டு "களைச்சுப் போய் இருக்கிறீங்கள் பிள்ளை, ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ"ன்னாங்க. பன்னெண்டு மணி நேரமா எல்லாரையும் நான்தான் கவனிச்சுட்டு வந்தேன், என்னைய ஒருத்தங்க உக்காத்தி வெச்சு சாப்பாடு போட்டது அன்னிக்கு எனக்கு எவ்ளோ பெருசா இருந்துதுன்னு சொல்லத் தெரியல. பக்கத்துலயே மாணிக்க விநாயகர் கோயில், 1985ல ஆரம்பிச்சது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் ஆரம்பத்துல தேர் இழுப்பாங்க, பாரிஸ் ரோட்டுல தேங்கா ஒடச்சு மஞ்சத்தண்ணி ஓடும். அந்த வாரம் உங்களுக்கு பாரிஸ் விழுந்தா யாரு கேட்டாலும் ஃப்ளைட்ட ஸ்வாப் பண்ணிடாதீங்க.

ஆம்ஸ்டர்டாம்ல ஆன் ஃப்ராங்க் வீட்டுக்கு டிக்கெட்டே கெடைக்கலயே?

கெடைக்காது, ஏன்னா ஆறு வாரத்துக்கு முன்னாடி செவ்வாக்கெழமைல ஆன்லைன்ல விடுவாங்க, உடனே போய்டும், நமக்கு ரோஸ்டர் வர்றதே அதுக்கப்புறம்தான். அத நெனச்சு வருத்தப்படாதீங்க. ரைக்ஸ் மியூசியம் வருஷத்துல 365 நாளும் தெறந்திருக்கும். அதுவும் வேணாம்னா சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் போங்க, அக்கரைக்கு ஃபெர்ரி ஓசிலயே போகுது, சைக்கிளோட சைக்கிளா நின்னு அந்தப் பக்கம் போய் வந்தாலே ஊரோட நடமாட்டம் புரியும். ஏர்போர்ட்லேந்து சென்ட்ரலுக்கு ரயில்ல கால் மணி நேரம், கார்ட தட்டி ஏறணும், எறங்கும்போதும் தட்டணும், மறந்தா காசு கூட புடிச்சுடுவாங்க. செவப்பா இருக்கற பாதை சைக்கிளுக்கு, அதுல நின்னு செல்ஃபி எடுக்காதீங்க, ப்ரேக் போட மாட்டாங்க.

விசா கைல இருந்தா லைடன் போங்க, ஏர்போர்ட்லேந்து இருவது நிமிஷத்துக்குள்ள. சின்ன ஊர், கால்வாய், பழைய யுனிவர்சிட்டி. ஆனைமங்கலம் செப்பேடுகள்னு படிச்சிருப்பீங்க, நாகப்பட்டினத்து சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் குடுத்த ஊர்க்கொடைய சொல்ற செப்பேடு, பெருசுல மட்டும் 21 ஏடு. டச்சுக்காரங்க கொண்டு போய் அந்த யுனிவர்சிட்டி லைப்ரரில சேர்ந்ததாலதான் அதுக்கு லைடன் செப்பேடுன்னே பேரு வந்துது. அத பாக்கப் போறீங்கன்னு இல்ல, அந்தக் கால்வாய் ஓரமா நடக்கும்போது நம்ம ஊர்க் கணக்கு வழக்கு இந்தக் குளிர்ல வந்து இருந்துச்சேன்னு நெனச்சுப் பாக்கவாவது போலாம்.

வியன்னால ஒரு சாயங்காலம்தான் இருக்கு?

காபி குடிங்க. நான் சும்மா சொல்லல, அந்த ஊர் காபிக்கடைப் பழக்கத்த 2011லயே அவங்க நாட்டு யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல சேத்திருக்காங்க. மெலாஞ்ச்னு கேட்டா நுரை போட்ட பால் காபி ஒரு வெள்ளித் தட்டுல, கூட ஒரு க்ளாஸ் தண்ணியோட வரும். ஒரே ஒரு காபிய வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தாலும் எழுப்ப மாட்டாங்க. நம்ம ஃபில்டர் காபி திடம் அதுல இல்லதான், ஆனா அந்த நிதானம் இங்க எந்தக் கடைலயும் எனக்கு கெடைச்சதில்ல. அந்தத் தண்ணிய மிச்சம் வைக்காதீங்க, ஆல்ப்ஸ் மலை ஊத்துலேந்து 1873லேந்து குழாய்ல வர்ற தண்ணி. ஏர்போர்ட்லேந்து எஸ்7 ரயில்ல வாங்க, சிட்டி எக்ஸ்ப்ரெஸ்னு ஒண்ணு பத்து நிமிஷம் முன்னாடி சேக்கும், அதுக்கு அவ்ளோ காசு குடுக்க வேணாம்.

ஜூரிக் ரொம்ப காஸ்ட்லியாமே?

ஆமா. ரொட்டி, சீஸ் சூப்பர்மார்க்கெட்ல வாங்கிக்கோங்க, காலி பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஊர்ல 1200க்கு மேல குடிதண்ணி ஊத்து இருக்கு. ஏர்போர்ட்லேந்து ரயில்ல பத்து பன்னெண்டு நிமிஷம். ஏரிக்கரை ஓரமா நடக்க காசு இல்ல.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது, அலவன்ஸ மிச்சம் புடிக்கலாமா?

மிச்சம் புடிங்க, தப்பே இல்ல, நானும் அந்தக் காசுலதான் தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்டினேன். ஆனா மூணு வேளையும் ரூம்ல கெட்டில்ல நூடுல்ஸ் போட்டு சாப்ட்டு அலவன்ஸ அப்டியே கொண்டு வர்ற பழக்கம் வேணாம். ஒரு வேளை அந்த ஊர் சாப்பாடு, மீதி கைச்சாப்பாடுன்னு வெச்சுக்கோங்க. நான் எப்பவும் எடுத்துட்டுப் போறது புளிக்காச்சல் ஒரு சின்ன டப்பா, மொளகாப்பொடி, அவல், கொஞ்சம் தட்டை. பால்கோவா, நெய், பனீர், கறி ஐட்டம் எதுவும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது, கறிவேப்பிலையும் கூடாது. ஒரு ஏர்போர்ட்ல அம்மா கட்டிக் குடுத்த பால்கோவாவ என் கையாலயே குப்பைத் தொட்டில போட வெச்சாங்க, ரூல் அதுதான், இருந்தாலும் அன்னிக்கு மனசு ஆறல.

தண்ணி பாட்டில் வாங்காதீங்க, நான் சொன்ன ஊர்ல எல்லாம் குழாய்த் தண்ணி நல்ல தண்ணி. ஃப்ரான்ஸ்ல ஓட்டல்ல 'கராஃப் தோ'ன்னு கேட்டா ஜக்குல சும்மாவே வைப்பாங்க. ஜெர்மனில பாட்டில் வாங்கினா 25 சென்ட் டெபாசிட் சேத்து எடுப்பாங்க, காலி பாட்டில சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா திரும்பக் கெடைக்கும்.

கார்ட்ல பே பண்ணும்போது ரூபாயா யூரோவான்னு மெஷின் கேட்டா யூரோன்னு அமுக்குங்க, ரூபாய்னு அமுக்கினா அவங்க வெச்சதுதான் ரேட். நம்ம பேங்க் கார்டுங்க நெறையதுல மூணு மூணரை பர்சென்ட் வெளிநாட்டுக் கட்டணம் இருக்கு, அது இல்லாத ஃபாரெக்ஸ் கார்டா பாத்து வாங்கிக்கோங்க. பாத்ரூமுக்குன்னு ரெண்டு மூணு ஒரு யூரோ காசு பர்ஸ்ல எப்பவும் இருக்கட்டும்.

ஞாயித்துக்கெழமை லேஓவர் வந்தா?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்ல கடை எல்லாம் மூடிடுவாங்க. நம்ம தி.நகர்ல ஞாயித்துக்கெழமைதான் கால் வைக்க எடம் இருக்காது, அங்க அன்னிக்கு தெரு வெறிச்சோடி இருக்கும். பெரிய ஸ்டேஷன்லயும் ஏர்போர்ட்லயும் இருக்கற சூப்பர்மார்க்கெட் மட்டும் தெறந்திருக்கும், ஹோட்டலுக்கு வர்றதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. ஷாப்பிங் இல்லாத நாள்ங்கறதால நடக்கறதுக்கு, ஆத்தங்கரை, பார்க்குக்கு எல்லாம் அதுதான் சரியான நாள்.

பொண்ணு தனியா வெளிய போலாமா?

போலாம். நான் நெறைய தடவ தனியாதான் போயிருக்கேன். மத்த க்ரூ வரலன்னு ரூம்ல ஸ்லாம் க்ளிக்கரா (ரூம விட்டு வெளியவே வராத க்ரூவுக்கு நாங்க சொல்ற பேரு) கதவ சாத்திட்டு இருக்காதீங்க, அவங்க களைப்பு அவங்களுக்கு, யாரையும் வற்புறுத்தவும் வேணாம். லீட் கிட்டயோ கூட வந்த ஒருத்தர் கிட்டயோ எங்க போறேன், எத்தன மணிக்கு திரும்புவேன்னு மெசேஜ் போட்டுடுங்க. ரூம் நம்பர லிஃப்ட்ல சத்தமா சொல்லாதீங்க. ஹோட்டல் அட்ரெஸ் எழுதின கார்ட ரிசெப்ஷன்ல வாங்கி வெச்சுக்கோங்க, ஃபோன் சார்ஜ் போச்சுன்னா அதுதான் தொணை. எமர்ஜென்சிக்கு 112, ஐரோப்பா முழுக்க.

கொள்ளை கொலைய விட நம்மளுக்கு அங்க பெரிய தொல்லை பிக்பாக்கெட்தான். பாரிஸ் ரயில்ல, ரோம் பஸ்ல, கதவு மூடப் போற நேரத்துல கை வேலை நடக்கும். கையெழுத்து போடுங்கன்னு அட்டையோட வர்றவங்க, கைல கயிறு கட்ட வர்றவங்க, கீழ கெடந்த மோதிரத்த எடுத்து இது உங்களுதான்னு கேக்குறவங்க, யாருக்கும் நிக்காம நடந்துடுங்க. பாஸ்போர்ட் விஷயத்துல உங்க கம்பெனி ரூல் என்னன்னு கேட்டு அதுபடி நடங்க, எடுத்துட்டுப் போகணும்னா துணிக்கு உள்ள இருக்கட்டும். பாஸ்போர்ட் போச்சுன்னா நீங்க மட்டும் இல்ல, உங்க ஃப்ளைட்டுக்கே ஒரு ஆள் கொறையும்.

ராத்திரி எல்லாரும் பீர் குடிக்கப் போறாங்க, நானும் ஒண்ணு?

நம்ம நாட்டு விமானத்துறைய கண்காணிக்கற டிஜிசிஏ வெச்ச ரூல், ஃப்ளைட்டுக்கு முன்னாடி 12 மணி நேரம் குடிக்கக் கூடாது. 24 மணி நேர லேஓவர்ல கணக்கு போட்டுப் பாருங்க, எடமே இல்ல. என் முடிவு, ஒத்த ராத்திரி லேஓவர்ல தொடவே கூடாது. ஊதச் சொல்லும்போது கை நடுங்காம நிக்கணும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் கூட ஆகாது, ஹோட்டல் பாத்ரூம்ல வெச்சிருந்தா தொடாதீங்க.

அம்மா, அத்தை, எதிர் வீடு எல்லாரும் லிஸ்ட் குடுக்குறாங்க, எப்டி சமாளிக்கறது?

க்ரூவுக்கு கஸ்டம்ஸ் லிமிட் சாதாரண பயணிய விட ரொம்ப ரொம்பக் கம்மி, சாக்லேட், சீஸ், சின்னச் சின்ன கிஃப்ட் அளவுக்குதான். ஃபோன் வாங்கிட்டு வா, பேக் வாங்கிட்டு வான்னு யாராவது கேட்டா மொதல் தடவயே முடியாதுன்னு சொல்லிடுங்க, வேலையே போய்டும்னு சொன்னா புரிஞ்சுப்பாங்க. அம்மாவுக்கு மட்டும் நான் ஜெர்மனி மருந்துக் கடைலேந்து கை க்ரீம் ஒண்ணு வாங்கிட்டு வருவேன், பாத்திரம் தேச்சு தேச்சு வெடிச்ச கைக்கு அது நல்லா கேக்குது.

பிக்கப்ப தவற விட்டுடுவோமோன்னு பயமா இருக்கே?

பயம் இருக்கட்டும், நல்லதுதான். ஒரு தடவ குட்டி லேஓவர், அன்னிக்கு ராத்திரியே பிக்கப், நான் சிட்டில இருக்கேன், ரயில் திடீர்னு நின்னு போச்சு, அறிவிப்பு எல்லாம் அந்த ஊர் பாஷைல, எல்லாரும் எறங்கி எங்கயோ நடக்குறாங்க. ஒரு பெரியவர் கிட்ட ஹோட்டல் கார்ட காட்டினேன், அவர் வாய் தெறக்காம என்னைய ஒரு டாக்சி வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஏத்தி விட்டாரு. பிக்கப்புக்கு நாப்பது நிமிஷம் முன்னாடி ஹோட்டல் வாசல். அன்னிலேந்து எனக்கு நானே போட்டுக்கிட்ட ரூல், பிக்கப் எப்போவோ அதுக்கு பத்து மணி நேரம் முன்னாடி ரூம்ல இருக்கணும், டாக்சிக்குன்னு அம்பது யூரோ தனியா மடிச்சு வெச்சிருக்கணும், போற வழி ஒண்ணு தெரிஞ்சா திரும்பற வழி ரெண்டு தெரிஞ்சிருக்கணும். பத்து மணி நேரம் கெடைக்காத லேஓவர்னா ஹோட்டல சுத்தி நடக்கறதோட நிறுத்திக்குவேன்.

ஒரே ஊர் மாசத்துக்கு ரெண்டு தடவ வருதே, போர் அடிக்காதா?

இதுக்குத்தான் நான் மத்தவங்கள விட க்ரூவ கொடுத்து வெச்சவங்கன்னு சொல்லுவேன். டூர் வர்றவங்க ஒரு தடவ வர்றாங்க, எல்லாத்தையும் அன்னிக்கே பாத்தாகணும். நமக்கு அந்த அவசரம் இல்ல, இன்னிக்கு மார்க்கெட், அடுத்த மாசம் ஆத்தங்கரை, அதுக்கடுத்து ஒரு மியூசியம், அதுவும் ஒரே ஒரு அறை. ஃப்ராங்க்ஃபர்ட் அக்கரைல என் பெஞ்சு ஒண்ணு இருக்கு, எதிர்க்க இருக்கற மரத்த பிப்ரவரில மொட்டையாவும் மே மாசம் பச்சையாவும் அக்டோபர்ல மஞ்சளாவும் பாத்திருக்கேன், சென்னைல நமக்கு அப்டி ஒரு மரம் மாறி மாறி காட்டாது. மார்க்கெட்ல கீரைக்கட்டு விக்கற அம்மாவுக்கு என் மொகம் தெரியும், கட்டு வேணுமான்னு கேக்க மாட்டாங்க, ரூம்ல அடுப்பு இல்லன்னு தெரியும், ஒரு இணுக்கு கிள்ளி மோந்து பாக்கக் குடுப்பாங்க. அடுத்த மாசம் ரோஸ்டர்ல ரெண்டு ஃப்ராங்க்ஃபர்ட் விழுந்திருக்கு. ஒண்ணுல எஸ்8 ஏறி எதிர்ப்பக்கம் மைன்ஸ் போகப் போறேன், அச்சு எந்திரம் கண்டுபிடிச்ச குட்டன்பெர்க் பொறந்த ஊர், விசா இருக்கு, அரை மணி நேரம்தான். இன்னொண்ணு ஞாயித்துக்கெழமை, அன்னிக்கு பெஞ்சு.